வியாழக்கிழமைப் பாடத்தின் கடைசித் தாள்

பொறாமையே இல்லாத மனிதர் யாராவது இருந்தால் அவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிடலாம். அவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

எங்கள் பினாங்கு நூலகத்தின் ஆண்டு மலரில் தமிழ்ப் பகுதிக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர் கவிதா. பத்திரிகைப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்யப் பெரிய இயந்திரம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம். "அக்கா, இனிமே தாளக் கையால தொடவே வேண்டாம் லா. அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படி வேல செஞ்சீங்க, அந்தப் பேய்க்கதைங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க, இனிமையா ஒரு அனுபவம் எழுதிக் குடுங்க," என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். யோசித்துப் பார்த்தேன். இனிமையாக ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் ஸ்டெல்லாவின் முகம்தான்.

ஸ்டெல்லாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் கான்வென்டில் படித்தவள். ஆங்கிலம் பேசினால் எதிரே இருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, பிறகு மலாயில் படித்து, ஆங்கிலத்தை அகராதியோடு கட்டிப் புரண்டு கற்றவள். முதல் இரண்டு வருடம் அவளை வாசகர் முகப்பில் உட்கார வைத்தார்கள், என்னைப் பின்கட்டில் இருந்த பைண்டிங் அறைக்கு அனுப்பினார்கள். அவளுக்குக் காற்றாடிக்குக் கீழே நாற்காலி, எனக்குப் பசைச் சட்டி. என் வயிற்றெரிச்சலின் பிறந்தநாள் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பசைச் சட்டியிடம்தான் ஒரு விஷயம் கற்றேன். அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து ஆங்கில மாத இதழ்கள் கப்பலில் வரும். தோட்டத் துரைமார்களின் கிளப்புகளில் படித்து முடித்ததும் ஆறு ஆறு மாதமாகச் சேர்த்துக் கட்டுவார்கள். கட்டும்போது அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் கழற்றிவிட்டு, கதை கட்டுரைப் பக்கங்களை மட்டும் தைப்பார்கள். கழற்றிய தாள்களைக் கெட்டிக்கார பைண்டர் எறியமாட்டார். அட்டையின் உள்பக்கம் ஒட்ட உதவும் என்று கட்டி வைப்பார். அந்தக் கிளப்புகள் மூடியபோது தொகுதிகளெல்லாம் எங்கள் நூலகத்துக்கு வந்தன. கூடவே அந்த உதவாக்கரைக் கட்டுகளும் வந்தன.

மூன்றாம் வருடம் இருவரையும் மாடியில் இருந்த பத்திரிகைப் பிரிவில் போட்டார்கள். அதன் தலைவர் காதர் சார். சூலியா தெருவில் அவர் குடும்பத்துக்குப் பணமாற்றுக் கடை இருந்தது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடையைப் பார்க்க, இவர் ஒருவர்தான் காகிதத்தைப் பார்க்க வந்தார். மெலிந்த மனிதர், சலவை மொடமொடப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது தவறு செய்தால், செய்தவரின் மேசைக்கு வந்து, தன் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அன்று முழுவதும் நமக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய அறைக்குள் பேனா கூடாது, பென்சில்தான். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் அந்த வாரம் முழுக்க நமக்குத் தொகுதி கிடையாது. இவற்றையெல்லாம்விட அவர் கண்டிப்பாக இருந்தது உதிரித் தாள் விஷயத்தில். ஒரு தொகுதிக்குள் தனித் தாள் கிடைத்தால் உடனே எடுக்கக் கூடாது. எந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே இருந்தது என்று முதலில் குறிக்க வேண்டும். பிறகு ஒரு பழுப்புக் கவரை எடுத்து, தாளை உள்ளே போடுவதற்கு முன்பே மேலே எழுத வேண்டும், போட்ட பிறகு எழுதினால் பென்சிலின் அழுத்தம் தாளில் விழும். எந்தத் தாள், எங்கே கிடைத்தது, என்ன தேதி, கண்டெடுத்தவர் யார். சுருக்கெழுத்துப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"மிஸ் சரோஜா, எஸ்ஸுன்னு ஒரு எழுத்து போட்டா அது யாரு? நாளைக்கு யாரப் போயி நான் கேக்கிறது? முழுப் பேரு போடுங்க. பேரு போட்டா தேதியும் போடணும். தாளு பேசாது, கவருதான் பேசும்."

இதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசியில் கை தானாக எழுதும் நிலைக்கு வந்துவிட்டோம். மளிகைப் பொட்டலத்தில்கூடத் தேதி போடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இனிப் பேய்க்கதைக்கு வருகிறேன். ஒரு மழைக்கால மத்தியானம், பூச்சி அரித்திருக்கிறதா என்று ஒரு தொகுதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்து இதழ். நடுவே ஒரு கதை. ஒரு கிராமத்துப் பாதிரியார், இறந்துபோன தன் தம்பி மனைவியின் கல்லறையில் தினமும் காலையில் ஈரமண் இருப்பதைப் பார்க்கிறார். அதே வாரம் அவர் வீட்டு வேலைக்காரப் பெண் வெளுத்துக்கொண்டே போகிறாள். அகராதியை எடுக்கக்கூட மறந்து படித்து முடித்தேன். இரத்தக்காட்டேரி! நமக்கென்ன காட்டேரி புதிதா? பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, எங்களுக்கெல்லாம் மக்சிக், பிரசவத்தில் செத்துப் பேயாக அலையும் பொந்தியானாக் கதை சொல்லக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஆனாலும் தேநீர்க் கோப்பையும் கையுறையுமாக வந்து ரத்தம் குடிக்கும் பேயை அன்றுதான் பார்த்தேன். எழுதியவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இதை எத்தனை வருடமாக யாரும் படிக்கவில்லையோ என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இப்படி இன்னும் எத்தனை கதைகள் இந்த அலமாரிகளுக்குள் மறந்து கிடக்கும்!

அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல், மறுநாள் நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஸ்டெல்லாவிடம் கொட்டிவிட்டேன். அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கோழிக்குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சரோ, இது பெரிய விஷயம் லா! ரெண்டு பேருமா தேடுவோம். நீ கண்டுபிடி, நான் படிச்சு நோட்ஸ் எழுதுறேன்."

நீ கண்டுபிடி, நான் எழுதுகிறேன். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அப்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காதர் சார் தொழுகைக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போய் வரும் அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்களுக்கே விட்டுவிட்டார். பல வருடம் தேடினோம். முதல் உலகப்போருக்குப் பிறகு வந்த இதழ்கள் வரைக்கும் பார்த்தோம். மருத்துவமனையில் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே இளமையாகிக்கொண்டு போகும் ஒரு கிழவி கிடைத்தாள். ரயில் பெட்டியில் எப்போதும் எதிர் இருக்கையில் வந்து உட்காரும் ஒரு கனவான் கிடைத்தார். பேராக்கில் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் பொந்தியானாக்கை மனைவியாக்கி இங்கிலாந்துக்கே கூட்டிப்போன கதையும் கிடைத்தது. அந்தக் கதையில் துரையின் மனைவி கழுத்தில் ஒரு நகையைக் கழற்றவே மாட்டாள், ஏன் என்று எழுதியவருக்கே சரியாகத் தெரியவில்லை. பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் பெண்ணாகவே இருந்துவிடுவாள் என்று மக்சிக் சொன்னதை ஸ்டெல்லாவுக்கு நான்தான் விளக்கினேன். அந்த நகை ஆணியை மறைக்கத்தான்.

நூலகத்தின் ஆங்கிலச் செய்திமடலில் இதைப்பற்றி ஒரு கட்டுரை போட காதர் சார் முடிவு செய்தார். "மிஸ் ஸ்டெல்லா எழுதட்டும், அவங்க இங்கிலீசு ஓடுது," என்றார். ஓடியது. கட்டுரையில் ஆணி இருந்தது, 'உள்ளூர் நம்பிக்கைப்படி' என்று இருந்தது. உள்ளூர் நம்பிக்கைக்குப் பெயர் சரோஜா என்று இல்லை. கீழே ஒரே பெயர்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு பேராசிரியர் பாராட்டிக் கடிதம் எழுதினார். காதர் சார் தன் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் அந்தக் கடிதத்தை வைத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். தவறுக்கு மட்டும் விரியும் என்று நான் நினைத்திருந்த கைக்குட்டை அது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன், என் நிறுத்தம் வந்ததையே கவனிக்கவில்லை.

"உன் பேரையும் போடச் சொல்லி சார்ட்ட கேட்டேன் லா," என்றாள் ஸ்டெல்லா. கேட்டிருப்பாள். கேட்டிருக்கலாம் என்று எண்ணியதே எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. பொல்லாதவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இந்த நிலையில்தான் எங்கள் கையில் 'வியாழக்கிழமைப் பாடம்' மாட்டியது. கிடைத்த கதைகளிலேயே சிறந்தது. திருமதி ஆஷ்வெல் என்ற பணக்கார விதவைக்குப் பியானோ கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார் வியாழன்தோறும் போகிறார். பச்சைச் சுவர்க்காகிதம் ஒட்டிய அறை. அவள் வாசிக்க வாசிக்க நன்றாக வாசிக்கிறாள், இவர் வாரத்துக்கு வாரம் தளர்கிறார். இவருடைய விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் விரல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ரத்தம் என்ற சொல்லே கதையில் கிடையாது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, யாருமில்லாத அறைக்குள்ளிருந்து தன் சொந்த வாசிப்பையே கேட்டபடி அவர் படியேறுகிறார், கதவில் கை வைக்கிறார். அத்தோடு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தில் அடுத்த மாத இதழின் முதல் கட்டுரை, பட்டுப்பூச்சி வளர்ப்பு பற்றி.

முடிவு இல்லை. ஸ்டெல்லா தவித்துப்போனாள். சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுதினாள். எங்கும் அந்த இதழ் இல்லை, இருந்த ஓரிடத்திலும் அந்த மாதத்து இதழ் இல்லை. "சரோ, இத மட்டும் முடிச்சிட்டா புக்கே போட்டுடலாம்," என்று நாளுக்கு நாலு தடவை சொன்னாள்.

எனக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. பசைச் சட்டி சொல்லிக்கொடுத்த பாடம் அது. கதையின் கடைசிப் பக்கம் அந்த மாத இதழின் கடைசித் தாளில் விழுந்திருக்கும், அதன் மறுபக்கத்தில் விளம்பரம் அச்சாகியிருக்கும். விளம்பரப் பக்கம் மேலே இருக்க, பைண்டர் திருப்பிப் பார்க்காமல் கழற்றியிருப்பார். வாசகர் முகப்பில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு இது தோன்றாது. பின்கட்டுக்குப் போனேன், மூன்று மத்தியானம் அந்த உதவாக்கரைக் கட்டுகளைப் பிரித்தேன். மூன்றாம் நாள், குழந்தையைக் குளிப்பாட்டும் ஒரு சோப்பு விளம்பரம். திருப்பினேன். முதல் வரியிலேயே திருமதி ஆஷ்வெல் இருந்தாள்.

நின்றபடியே படித்தேன். கதவைத் திறந்த வாத்தியார் மயங்கி விழுகிறார். கண் விழித்தால் டாக்டர் நிற்கிறார். எல்லாம் அந்தப் பச்சைச் சுவர்க்காகிதத்தின் சாயத்தில் இருந்த விஷம் செய்த வேலையாம், பேயுமில்லை பிசாசுமில்லை. காகிதத்தை உரித்து எரித்ததும் வாத்தியார் தேறிவிடுகிறார், திருமதி ஆஷ்வெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு கடற்கரை ஊரில் வீடு வாங்குகிறார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் ஸ்டெல்லாவிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, அதை நான் மறுக்கவில்லை.

பிறகு அந்தக் கைக்குட்டை நினைவுக்கு வந்தது. இதையும் கொடுத்தால் இதையும் அவள்தான் எழுதுவாள்.

கவர் எடுத்தேன். எந்தத் தாள், எங்கே கிடைத்தது, தேதி, கண்டெடுத்தவர். எழுதியதே எனக்குத் தெரியாது. தாளை உள்ளே போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நூலகத்துப் பொருளை அப்படி எடுத்துப்போவதற்குத் திருட்டு என்றுதான் பெயர். தெரிந்தால் வேலை போயிருக்கும். அதைவிட, காதர் சார் என் மேசைக்கு வந்து கைக்குட்டையை விரித்திருப்பார். என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பத்தொன்பது வருடம் இருந்தது.

காதர் சார் ஓய்வுபெற்றார், பிறகு இறந்தும் போனார். ஜனாசாவுக்குப் போயிருந்தபோது ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட அளந்துதான் வந்தது. நாங்களும் ஓய்வுபெற்றோம். நான் கோவில் நிர்வாகம், பேரப்பிள்ளை என்று இருந்துவிட, அவள் உட்கார்ந்து புத்தகத்தை முடித்துவிட்டாள். பதினோரு மறந்துபோன இரத்தக்காட்டேரிக் கதைகள், கோலாலம்பூர் பதிப்பாளர், அழகான அட்டை. புத்தகத்தின் பெயரே 'வியாழக்கிழமைப் பாடம்'தான்.

வெளியீட்டு விழா ஆர்மீனியன் தெருவில் ஒரு பழைய வீட்டில் நடந்தது. இளைஞர் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஸ்டெல்லா அந்தக் கதையில் கிடைத்திருந்த கடைசிப் பக்கத்தை வாசித்தாள். வாத்தியார் படியேறி, கதவில் கை வைத்த இடத்தில் நிறுத்தினாள். "இதற்குமேல் தாள் இல்லை. முடிவு தொலைந்துவிட்டது. அது தொலைந்ததுதான் நமக்குக் கிடைத்த பேறு," என்றாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நன்றி சொல்லும்போது என் பக்கம் கை காட்டினாள். "இந்தத் தொகுதிகளையெல்லாம் தூசி தட்டி எனக்கு உதவிய என் அருமைத் தோழி சரோஜா!"

தூசி தட்டி.

அன்று வீட்டுக்கு வந்து புடவையைத் தூக்கினேன். மனம் திருந்தித் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய். அந்தச் சுவர்க்காகித முடிவை அவள் கையில் திணித்து, கைதட்டு வாங்கிய கதை அவள் கண்முன்னே உப்புச்சப்பில்லாமல் போவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

ஸ்டெல்லாவின் வீடு புலாவ் திக்குஸில், மாதா கோவிலுக்குப் பின்னால். போனதும் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். நான் கவரைத் திறந்து தாளை மட்டும் எடுத்து நீட்டினேன். சோப்பு விளம்பரத்தைப் பார்த்தாள், திருப்பினாள், திருமதி ஆஷ்வெல் பெயரைப் பார்த்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். படித்தாள். கடற்கரை வீடு வந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அடக் கடவுளே, வால்பேப்பரா! சரோ, இது அப்பவே கெடச்சிருந்தா இந்தக் கதைய நான் புக்ல சேத்தே இருக்கமாட்டேன் லா. தலைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கடி கெடச்சிச்சு?"

அவள் புத்தகத்தைக் காப்பாற்றியதே நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெடுக்கப் போன இடத்தில் இப்படி ஒரு செய்தி. அதற்குள் அவள் வழக்கம்போல் கவரைத் தேடினாள். தாளைப் பார்த்த பிறகு கவரைப் பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். அது என் மடியில் கிடந்தது. நான் மறைக்கும் முன்பே எடுத்துவிட்டாள்.

தாளைத் திருடியவள் எவளாவது திருடிய தேதியை எழுதி, முழுப்பெயரையும் எழுதி வைப்பாளா? காதர் சாரிடம் வேலை பார்த்தவள் வைப்பாள்.

ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். கோப்பி ஆறியது.

"பத்தொம்பது வருசம்," என்றாள்.

நான் கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"லண்டனுக்கு நான் லெட்டர் எழுதுறப்ப பக்கத்துல உக்காந்து ஸ்டாம்பு ஒட்டுனியே சரோ."

"ஒட்டுனேன்."

"ஏன்?"

"நீ மட்டும் எழுதுனேன்னு. உன் பேரு மட்டும் வந்துச்சுன்னு. சார் கைக்குட்டைய உனக்கு விரிச்சாருன்னு. பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

இவ்வளவு வருடம் கழித்துச் சொன்னதும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். நான் கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பென்சிலோடும் ஒரு நோட்டோடும் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ரெண்டாவது பதிப்பு வருது. முடிவ பின்னிணைப்பா போடணும், இருக்கிறத மறைக்கக் கூடாது. தாளு லைப்ரரிக்குப் போவணும், நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். கண்டெடுத்தவங்க பேரு போடணும்." நோட்டைத் திறந்தாள். "ஆனா பேரு போட்டா தேதியும் போடணும். அது சார் ரூலு. வேணாம்னா ரெண்டுமே வேணாம், யாரோ ஒரு வாசகர்னு போட்டுர்றேன், யாருக்கும் தெரியாது. நீயே சொல்லு."

யாரோ ஒரு வாசகர். பெயர் இல்லை, மானம் போகாது. அவள் எனக்குத் தப்பிக்க வழிவிட்டு நின்றாள். எனக்கு அந்த நிமிடம் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அப்படியென்றால் இந்தப் புத்தகத்திலும் நான் இல்லை.

"போடு," என்றேன்.

"தேதியோடவா?"

"தேதியோட."

இரண்டாம் பதிப்பு சென்ற மாதம் வந்தது. கடைசிப் பக்கத்தில் என் முழுப்பெயர் இருக்கிறது, என் அப்பா பெயரோடு. பக்கத்தில், கவரில் இருந்த அதே தேதி. கவிதா அழைத்து, "அக்கா, உங்க பேரு வந்திருக்கு!" என்று கூச்சலிட்டார். தேதியை அவர் கவனிக்கவில்லை. இதுவரை யாரும் கவனிக்கவில்லை. தேடித்தேடி லண்டனுக்கெல்லாம் எழுதியதாக ஸ்டெல்லா சொல்லும் முன்னுரையையும் இந்தத் தேதியையும் சேர்த்துப் படிப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். ஒருநாள் யாராவது அவளிடம் கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "போகட்டும் லா, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்," என்பாள். பினாங்கு முழுக்க அவள் பெருந்தன்மையைப் பேசும்.

அந்தப் பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போவதா? அதனால்தான் கவிதா கேட்டதும் உட்கார்ந்து நானே முந்திக்கொண்டு எழுதிவிட்டேன்.